டிசைன் கத்துக்கணுமா, மொதல்ல ஒரு பிரஸ் வாசப்படி ஏறுங்க

காலேஜ் படிச்சிக்கிட்டே கிராஃபிக் டிசைன் கத்துக்கலாமாண்ணே, எந்த கோர்ஸ் சேரலாம், எந்த லேப்டாப் வாங்கலாம்னு தம்பி தங்கச்சிங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க. ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் மெசேஜ் போட்டு தொண்ட காஞ்சு போச்சு, அதான் ஒரே தடவையா எழுதி வச்சிரலாம்னு உக்காந்துட்டேன். நான் பி.காம் படிச்சவன். விஸ்காமும் இல்ல, ஃபைன் ஆர்ட்ஸும் இல்ல. மதுரைல சாயங்காலம் காலேஜ் விட்டதும் நேரா ஒரு ஆஃப்செட் பிரஸ்ல போய் உக்காந்து, அங்க இருந்த டிசைனர் அண்ணேகிட்ட ஒன்றரை வருஷம் கத்துக்கிட்டதுதான் என் படிப்பு. கூடவே வீட்ல நானா இழுத்துப் போட்டுக்கிட்டு செஞ்ச வேலைங்க. ரெண்டும் வேணும். அண்ணே மட்டும் இருந்தா அவர் கைய அப்படியே காப்பி அடிக்கிற ஆளா நின்னுருவோம், நம்ம ப்ராஜெக்ட் மட்டும் இருந்தா ஸ்கிரீன்ல பளபளன்னு தெரியுறத பாத்து நமக்கு நாமே கைதட்டிக்கிட்டு இருப்போம். டிசைனுக்குன்னே இருக்கிற என்ஐடி, ஃபேஷனுக்கு இருக்கிற நிஃப்ட் மாதிரி அரசு கல்லூரிக்கு நுழைவுத் தேர்வு எழுதி போக முடிஞ்சவங்க தாராளமா போங்க, நல்ல எடம். இது அங்க போக வழியில்லாதவங்களுக்கு.

கைல இருக்கிறத வச்சு ஆரம்பிங்க

லேப்டாப் 8 ஜிபி ராம் இருந்தா போதும், 16 இருந்தா சந்தோஷம். டேப்லெட் பேனா எல்லாம் இப்ப வேணாம், ஒரு நல்ல மவுஸ் வாங்குங்க. சாஃப்ட்வேர்ல படம் வரைய இங்க்ஸ்கேப், போட்டோ திருத்த ஜிம்ப் ரெண்டும் இலவசம், ஃபோட்டோஷாப் மாதிரியே இருக்கிற ஃபோட்டோபீ பிரவுசர்லயே ஓடும். அடிப்படை பழக இது தாராளம். ஆனா நம்ம ஊர் பிரஸ்லயும் ஃபிளக்ஸ் கடைலயும் பெரும்பாலும் கோரல்ட்ராதான், அத அங்க போய் உக்காரும்போது கத்துக்கலாம், ஒண்ணுல கை பழகிருச்சுன்னா இன்னொண்ணுக்கு மாறுறது பெரிய விஷயம் இல்ல. கேன்வா தெரிஞ்சா போதும்னு நெனைக்காதீங்க, அது கெட்டதுன்னு சொல்லல, ஆனா டெம்ப்ளேட் உங்களுக்கு பதிலா முடிவெடுத்திருது, முடிவெடுக்கதான் நாம கத்துக்கவே வந்திருக்கோம்.

மொத மாசம் சாஃப்ட்வேர விட கண்ணுக்குதான் வேல. வீட்ல கெடக்குற கல்யாணப் பத்திரிகை, பட்டாசு பெட்டி லேபிள், ஊதுபத்தி கவர், நகைக்கடை நோட்டீஸ், எல்லாத்தையும் ஒரு அட்டைப் பெட்டில சேத்து வைங்க. வாரம் ஒண்ண எடுத்து, ஸ்கேல் வச்சு அளந்து, அச்சு அசலா திரும்ப வரைங்க. அளவு, எழுத்து பருமன், ஓரத்துல எவ்வளவு இடம் விட்டிருக்கான், எல்லாம். நான் மொதல்ல ஒரு சாதாரண சீயக்காய்த்தூள் பாக்கெட்டதான் எடுத்தேன், ஒரு மணி நேரத்துல முடிச்சிரலாம்னு. மூணு நாள் ஆச்சு. அந்த ஒரு பாக்கெட்ல அஞ்சு அளவுல எழுத்து இருக்குங்கிறதே அளந்தப்புறம்தான் தெரிஞ்சுது. இது பழக்கத்துக்கு மட்டும், இத உங்க வேலைன்னு எங்கயும் காட்டாதீங்க.

ஆள் தேடுறது

இதான் பாதி பேர் பயப்படுற எடம். கத்துக் குடுக்க யாரு இருக்கான்னு கேட்டா, உங்க ஊர்லயே ஆஃப்செட் பிரஸ் இருக்கும், ஃபிளக்ஸ் கடை இருக்கும், கல்யாண ஆல்பம் பண்ற ஸ்டூடியோ இருக்கும். அங்க 15 வருஷம் மவுஸ் புடிச்ச ஒரு அண்ணனோ அக்காவோ கண்டிப்பா இருப்பாங்க. டிசைனருங்க வேலைய காட்டுற பிஹான்ஸ் சைட்ல அவங்களுக்கு பேஜ் இருக்காது, ஆனா எந்த பேப்பர்ல எந்த மை எப்படி உக்காரும்னு தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவாங்க.

எப்ப போறதுங்கிறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. தை, வைகாசி, ஆவணி முகூர்த்த நேரத்துல பத்திரிகை அடிக்கிற கடைக்குள்ள போனீங்கன்னா உங்கள நிமிந்து பாக்க கூட ஆள் இருக்காது. ஆடியும் மார்கழியும்தான் சரியான நேரம், கல்யாணம் இல்ல, கடைல ஈ ஓட்டிக்கிட்டு இருப்பாங்க, பேச நேரம் இருக்கும். சிவகாசிப் பக்கம் மட்டும் இது செல்லாது, அங்க ஆடிப்பெருக்குக்கு அடுத்த வருஷ காலண்டர் மாதிரிகள ஆல்பமா வெளியிட்ட கையோட ஆர்டர் குவிய ஆரம்பிச்சிரும். எலெக்‌ஷன் நேரத்துல எந்த ஊரா இருந்தாலும் பக்கத்துல கூட போகாதீங்க.

காலைல 11 மணி வாக்குல போங்க. "எனக்கு டிசைன்னா உயிருண்ணே"ன்னு ஆரம்பிக்காதீங்க, அத ஆயிரம் பேர் சொல்லிட்டாங்க. நீங்க திரும்ப வரைஞ்ச ரெண்டு மூணு சாமான பிரின்ட் எடுத்துட்டுப் போய் மேஜை மேல வைங்க. "அண்ணே, இது நான் பழகுறதுக்காக பண்ணேன், ஒரிஜினல் மாதிரி வரல, எங்க தப்புன்னு தெரியல, சாயங்காலம் ரெண்டு மணி நேரம் வந்து கூட உக்காந்து பாக்கட்டுமா, தமிழ் டைப்பிங், பேக்ரவுண்ட் வெட்டுறது, புரூஃப் பாக்குறது எல்லாம் செஞ்சு தர்றேன்"னு சொல்லுங்க. எங்க அண்ணே அன்னைக்கி அந்த சீயக்காய் பாக்கெட்ட கைல எடுத்து ரொம்ப நேரம் பாத்துட்டு, "கோடு எல்லாம் சரியா போட்டிருக்க, ஆனா அவன் சைஸ்ல எழுத்த வச்சு முக்கியத்துவம் காட்டிருக்கான், நீ எல்லாத்தையும் போல்டாக்கி கத்துற"ன்னாரு. அவ்வளவுதான், சேத்துக்கிட்டாரு.

ஆன்லைன்ல இருக்கிற சீனியர்கிட்ட கேக்குறதா இருந்தாலும் இதே முறைதான். "கைட் பண்ணுங்க சார்"னு மொட்டையா அனுப்பாதீங்க. ஒரு படம், ஒரே ஒரு கேள்வி, ரெண்டு நிமிஷத்துல பதில் சொல்ற மாதிரி. சொன்னத செஞ்சு திருத்தின படத்த திரும்ப அனுப்புங்க. பத்துல ஒம்போது பேரு இந்த ரெண்டாவது படத்த அனுப்புறதே இல்ல, அதனால அனுப்புற ஆள அவங்களுக்கு மறக்காது.

நல்ல ஆளா இல்லையான்னு ஒரு வாரத்துல கண்டுபுடிச்சிரலாம். நீங்க செய்யும்போது தப்பு வந்தா மவுஸ புடுங்கி அவரே செஞ்சு முடிச்சிட்டா அவர் திறமைசாலி, ஆனா உங்களுக்கு ஆகாது. கைய கட்டிக்கிட்டு "இத ஏன் இங்க வச்ச?"ன்னு கேக்குறவர் கெடச்சா விட்ராதீங்க. எங்க அண்ணே ஒரு தடவ கூட என் மவுஸ தொட்டதில்ல, டீ கிளாஸோட பின்னாடி நின்னு "ம்ம்"னு மட்டும் சொல்வாரு, அந்த ம்ம்-ல நாலு வகை இருக்கு, கேக்கக் கேக்க பிரிச்சு தெரிஞ்சிக்கலாம். அதே மாதிரி சம்பளம் இல்லாம ரெண்டு மூணு மாசத்துக்கு மேல இழுக்காதீங்க. நீங்க பண்ணின வேலைக்கு கடைக்கு காசு வர ஆரம்பிச்சிருச்சுன்னா உங்களுக்கும் ஏதாவது வரணும், வாய விட்டு கேளுங்க.

மெஷின் சொல்லிக் குடுக்குறது

நான் மொதல்ல வாங்குன அடி கறுப்புலதான். ஒரு பத்திரிகைய ஃபோட்டோஷாப்ல பண்ணி, அழகா கறுப்புல எழுத்து போட்டு, ஸ்கிரீன் கலரான ஆர்ஜிபில இருந்து அச்சுக்கு வேண்டிய நாலு மை கலரான சிஎம்ஒய்கேக்கு மாத்தி குடுத்துட்டேன். அச்சாகி வந்தத பாத்தா சின்ன எழுத்தெல்லாம் கண்ணுல பவர் ஏறின மாதிரி ரெண்டு ரெண்டா தெரியுது. அண்ணே லென்ஸ என் கைல குடுத்து பாருன்னாரு. கறுப்பு எழுத்துக்கு பின்னாடி நீலமும் சிவப்பும் மஞ்சளும் மயிரிழை அளவுக்கு வெலகி எட்டிப் பாத்துக்கிட்டு இருக்கு. ஃபோட்டோஷாப் அதோட வழக்கமான செட்டிங்ல அந்த கறுப்ப சயான்ங்கிற நீலம் 75, மெஜந்தாங்கிற சிவப்பு 68, மஞ்சள் 67, கறுப்பு 90 சதவீதம்னு பிரிச்சிருக்கு, கூட்டுனா 300. ஒரு மைக்கு ஒண்ணுன்னு இருக்கிற நாலு அச்சு பிளேட்டும் ஒரே எடத்துல மயிரிழை கூட வெலகாம உக்காந்தாதான் அந்த எழுத்து எழுத்தா நிக்கும், பேப்பர் ஓடுற வேகத்துல அது நடக்குற காரியமா. அதுபோக அவ்வளவு மை சீக்கிரம் காயாது, அடுத்த ஷீட்டோட முதுகுல ஒட்டிக்கும். அதனால சின்ன எழுத்துக்கு கறுப்பு மட்டும் 100, மத்த மூணும் பூஜ்ஜியம். இத நான் யூடியூப்ல அதுக்கு முன்னாடியே கேட்டிருக்கேன். லென்ஸ்ல பாத்தப்புறம்தான் மண்டைல ஏறுச்சு.

மத்ததெல்லாம் வேகமா சொல்லிர்றேன், ஒரு நோட்ல எழுதி வச்சிக்கோங்க. கட்டிங் ஓரத்துல நாலு பக்கமும் 3 மில்லிமீட்டர் பிளீட் விடணும், அதாவது வெட்டுற கோட்டுக்கு வெளியவும் கலர் நீளணும், முக்கியமான எழுத்த ஓரத்துல இருந்து குறைஞ்சது 5 மில்லிமீட்டர் உள்ள தள்ளி வைக்கணும், ஏன்னா கட்டிங் மெஷின் பிளேடு உங்க கோட்டுக்கு மரியாத குடுக்காது. ஆஃப்செட்டுக்கு போட்டோ அச்சாகுற சைஸ்ல 300 டிபிஐ, அதாவது ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி, ஃபிளக்ஸுக்கு 72ல இருந்து 100 இருந்தா போதும், தூரத்துல இருந்துதான் பாக்க போறாங்க. 10க்கு 8 அடி ஃபிளக்ஸ 300ல வச்சு சிஸ்டம தொங்க விடாதீங்க. விசிட்டிங் கார்டு 3.5க்கு 2 இஞ்ச், நோட்டீஸுக்கு 130 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பர் எத்தன கிராம்ங்கிற கணக்கு) ஆர்ட் பேப்பர், கார்டுக்கு 300 ஜிஎஸ்எம் போர்டு, இத தொட்டுப் பாத்து பழகுங்க, கண்ண மூடிக்கிட்டு கனம் சொல்ற அளவுக்கு வரணும். கஸ்டமர் வாட்ஸப்ல போட்டோ அனுப்புனா டாக்குமென்ட்டா அனுப்பச் சொல்லுங்க, இல்லன்னா கசக்கிதான் வரும், கண்ணீர் அஞ்சலி ஃபிளக்ஸுக்கு ராத்திரி 10 மணிக்கு வர்ற போட்டோ மட்டும் எப்பவும் குரூப் போட்டோல இருந்து வெட்டுன தலையாதான் இருக்கும், அதுக்கு ஒண்ணும் பண்ண முடியாது. அந்த வீட்டுக்காரங்ககிட்ட போய் ரெசல்யூஷன் கேக்க கூடாது.

தமிழ் எழுத்து தனிப் பாடம்

இங்கிலீஷ் டுடோரியல் பாத்து வர்றவங்க சறுக்குறது இங்கதான். பிரஸ்ல பாதி பழைய ஃபைல் பாமினி மாதிரி பழைய ஃபான்ட்ல இருக்கும். அதுல உள்ளுக்குள்ள இருக்கிறது தமிழே இல்ல, இங்கிலீஷ் எழுத்துக்கு மேல தமிழ் சட்டை மாட்டி விட்டது. அந்த ஃபான்ட் இல்லாத சிஸ்டத்துல தெறந்தா 'அகராதி'ங்கிறது எம், எஃப், யு, ஹெச், ஜே, பின்னு வந்து நிக்கும். அதனால வெளிய அனுப்புற ஃபைல்ல எழுத்த எல்லாம் கர்வ் பண்ணிருங்க, அதாவது ஃபான்ட் தேவைப்படாத வெறும் படமா மாத்திருங்க, கோரல்ல கண்ட்ரோல் க்யூ. திருத்துறதுக்கு கர்வ் பண்ணாத காப்பி ஒண்ணு தனியா வச்சிக்கோங்க, இத மறந்துட்டு மறுநாள் ஒரு எழுத்து மாத்தணும்னு அழுதவங்க நெறைய.

புதுசா பண்றதுக்கு, உள்ளுக்குள்ளயும் நெஜமான தமிழாவே இருக்கிற யூனிகோட் ஃபான்ட்டே போதும். கூகுள் ஃபான்ட்ஸ்ல காடமரான், முக்தா மலர், பாலு தம்பி, பவனம், மீரா இனிமை, அனேக் தமிழ்னு இலவசமாவே நல்ல நல்லதா கெடக்கு. ஃபோட்டோஷாப்ல கொம்பு ஒரு பக்கம் எழுத்து ஒரு பக்கமா பிச்சுக்கிட்டு நின்னா ஃபான்ட்ட திட்டாதீங்க, டைப் செட்டிங்ல வேர்ல்ட்-ரெடி லேஅவுட்டுக்கு மாத்துங்க. இன்டிசைன்ல வேர்ல்ட்-ரெடி கம்போசர், இல்லஸ்ட்ரேட்டர்ல இண்டிக் ஆப்ஷன்னு தேடுங்க. டைப்பிங்குக்கு தமிழ்99 கீபோர்டு முறை பழகுங்க, 1999ல அரசு தரப்படுத்தினது, கத்துக்க ஒரு வாரம். ஆனா பிரஸ்ல இருக்கிற பெரியவங்க டைப்ரைட்டர் முறைலதான் அடிப்பாங்க, அவங்ககிட்ட போய் இது பழசுன்னு வாதாடாதீங்க, வேகத்துல அவங்கள அடிச்சிக்க முடியாது.

எழுத்து வைக்கிறதுல மூணு விஷயம். நம்ம எழுத்து மேலயும் கீழயும் கை கால நீட்டும், 'கீ'யும் 'சூ'வும் மேல கீழ வரிகள்ல வந்தா இடிச்சுக்கும், அதனால ஆட்டோல வர்ற 120 சதவீத வரி இடைவெளி பத்தாது, 140, 150ன்னு வச்சுப் பாருங்க. எழுத்து நடுவுல இடம் விட்டு இழுக்குற வேல வேணாம், 'கே'ல இருக்கிற கொம்பு பக்கத்து எழுத்துக்கு சொந்தமாயிரும். நமக்கு கேப்பிட்டல் லெட்டர் கெடையாது, பெருசு சின்னது, தடிமன், நிறம், இடம் இத வச்சுதான் குரல் ஏத்தி இறக்கணும். ஃபான்ட்ட புடிச்சு பக்கவாட்டுல இழுக்குறவங்ககிட்ட மட்டும் நான் பேசுறதே இல்ல. பழைய காலத்து லுக் வேணும்னா தும்பிக்கை வச்ச 'லை', 'னை' போடலாம், 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னாடி அப்படிதான் அச்சடிச்சாங்க. 2010ல ரூபாய் குறியீடு வரைஞ்சாரே உதயகுமார், அவர் ஆராய்ச்சி பண்ணினதே தமிழ் எழுத்தோட வடிவத்தப் பத்திதான். அவ்வளவு சரக்கு இருக்கு இதுல. ஏஐ வரைஞ்சு குடுக்குற படத்துல தமிழ் எழுத்து இருந்தா அப்படியே தூக்கி ஒட்டாதீங்க, ஒவ்வொரு எழுத்தா பாருங்க, இல்லாத எழுத்தெல்லாம் புதுசா கண்டுபுடிச்சு வச்சிருக்கும்.

புரூஃப் பத்தி ஒண்ணு சொல்லிட்டு அடுத்ததுக்கு போறேன். ஒரு பத்திரிகைல தேதி சரி, கிழம தப்பு. ஞாயித்துக்கிழம முகூர்த்தத்துக்கு வெள்ளின்னு போட்டுட்டேன், போன கல்யாணத்தோட ஃபைல எடுத்து மாத்துனதுல வந்த வினை. வீட்டுக்காரங்க பாத்து ஓகே சொன்னாங்க, நானும் பாத்தேன், அண்ணேவும் பாத்தாரு, எல்லாரும் பொண்ணு மாப்ள பேரதான் பாத்தோம். 400 பத்திரிகை. பாதி காசு என் கைல இருந்து போச்சு, அன்னைக்கி அது எனக்கு ரெண்டு மாசத்து பஸ் காசு, டீக்காசு எல்லாம் சேத்து. இப்பல்லாம் தேதிய நாள்காட்டிய கிழிச்சு பக்கத்துல வச்சுதான் பாப்பேன், இனிஷியல் தனியா ஒரு தடவ, போன் நம்பர் ஒருத்தர வாசிக்கச் சொல்லி ஒரு தடவ. ஓகேங்கிறத வாய்ல வாங்காதீங்க, மெசேஜா வாங்குங்க.

உங்க சொந்த வேல

கடை வேல கைய பழக்கும், ஆனா அங்க எல்லாத்தையும் கஸ்டமர்தான் முடிவு பண்ணுவாரு, மஞ்சள்னா மஞ்சள், சிங்கம்னா சிங்கம். யோசிக்கிறதுக்கு நமக்குன்னு ஒண்ணு வேணும். பெரிய கம்பெனி லோகோவ மாத்தி வரையிறது மாதிரி வேலைய நான் சொல்ல மாட்டேன், அத யாரும் யூஸ் பண்ண போறதில்ல, அதனால அது சரியா தப்பான்னு உங்களுக்கு தெரியவே போறதில்ல. தெருவுல இருந்து எடுங்க. டீக்கடை விலைப் பலகை, கோயில் திருவிழா நிகழ்ச்சி நிரல், அம்மாச்சியோட மாத்திரை அட்டவணை, நூலகத்துக்கு ஒரு போஸ்டர். ஒரு வாரம் கெடு, ரெண்டே கலர், கண்டிப்பா பிரின்ட் எடுத்து அது இருக்க வேண்டிய எடத்துல ஒட்டணும். ஒட்டிட்டு தள்ளி நின்னு பாக்கணும்.

நான் பண்ணது எங்க ஸ்டாப் டவுன் பஸ் டைம். டீக்கடை சுவத்துல ஒட்டுறதுக்கு. மொத வெர்ஷன்ல பஸ் நம்பர் வரிசைல, 24 மணி நேரக் கணக்குல, மெல்லிசான எழுத்துல, பாக்க ஏதோ வெளிநாட்டு ஏர்போர்ட் போர்டு மாதிரி இருந்துச்சு. பெரும தாங்கல. ஒட்டிட்டு பெஞ்சுல உக்காந்து பாத்தா ஒருத்தரும் நிமிந்து பாக்கல. ஒரு பாட்டி மட்டும் கிட்ட போய் மூக்கு ஒட்டுற மாதிரி நின்னு பாத்துட்டு, டீ மாஸ்டர்கிட்ட "ஆஸ்பத்திரி பஸ் எப்பப்பா?"ன்னு கேட்டுச்சு. போர்டுல 'ஆஸ்பத்திரி'ங்கிற வார்த்தையே கெடையாது.

ரெண்டாவது வெர்ஷன்ல நம்பர தூக்கிட்டு ஊர் வரிசைல மாத்துனேன். ஆஸ்பத்திரி, பெரியார் பஸ் ஸ்டாண்டு, மாட்டுத்தாவணி. 17:20 போய் 'சாயங்காலம் 5:20' ஆச்சு. எழுத்து சைஸுக்கு போர்டு எழுதுறவங்க சொல்ற ஒரு கணக்கு இருக்கு, 10 அடி தூரத்துக்கு 1 இஞ்ச் உயரம், அத வச்சு ஊர்ப் பேர பெருசாக்கினேன். இப்ப ஆளுங்க நின்னு பாத்தாங்க, ஆனா வெயில்ல பளபளப்பு பேப்பர் கண்ண கூசுது. மூணாவதுல சாதா பேப்பர். ஒரு ஒரு தடவையும் கழட்டுன காகிதத்த அண்ணேகிட்ட கொண்டு போனேன், போன்ல காட்டாதீங்க, போன்ல எல்லாமே நல்லாருக்கும். நல்லாருக்காண்ணேன்னும் கேக்காதீங்க, நல்லாருக்குன்னுதான் பதில் வரும். "பாட்டிக்கு மொதல்ல ஊர் கண்ணுல படுதா, நேரம் படுதா?" மாதிரி ஒரு கேள்வியோட போங்க. அவர் சொல்றத அப்பவே மறுக்காம எழுதிக்கிட்டு வீட்டுக்கு வந்து, எதுக்கு ஒத்துப் போறோம் எதுக்கு ஒத்துப் போகலன்னு பிரிங்க. நம்பர மொத்தமா தூக்காதன்னு அவர் சொன்னாரு, நான் கேக்கல, அப்புறம் காலேஜ் பசங்க நம்பர் எங்கன்னு கேட்டதும் ஓரத்துல சின்னதா போட்டேன்.

இந்த மாதிரி ஆறுல இருந்து எட்டு வேல சேந்தா அதான் உங்க போர்ட்ஃபோலியோ. 30 போஸ்டர அடுக்காதீங்க. ஒவ்வொண்ணுக்கும் மொத வெர்ஷன், சுவத்துல ஒட்டுன போட்டோ, என்ன மாத்துனீங்க, ஏன், நாலு வரி. பிடிஎஃப் 10 எம்பிக்குள்ள. கடைல பண்ண வேலைய போடுறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க, பத்திரிகைல இருக்கிற ஜனங்க பேரு, போன் நம்பர் எல்லாம் மறைச்சிருங்க. அண்ணே சொல்லி மாத்துனத அண்ணே சொல்லி மாத்துனேன்னே எழுதுங்க. எனக்கு மொத ஃப்ரீலான்ஸ் வேல குடுத்தவர் பத்திரிகை டிசைன எல்லாம் தள்ளிவிட்டுட்டு அந்த பஸ் போர்டு பக்கத்துலதான் நின்னாரு. அட்வான்ஸ் பாதி வாங்காம ஆரம்பிக்காதீங்க, கரெக்‌ஷன் மூணு தடவைக்கு மேல காசுன்னு மொதல்லயே சொல்லிருங்க, இந்த ரெண்டையும் நான் அவர்கிட்ட சொல்லல, எட்டு தடவ மாத்துனேன்.

பஸ் போர்டு இன்னும் அங்கதான் இருக்கு, நாலாவது வெர்ஷன். போன மாசம் டீ குடிக்க போனப்ப பாத்தேன், காலைல 6:40ஐ யாரோ பேனாவால அடிச்சிட்டு, இடம் இல்லாம ஊர்ப் பேரு மேலயே நெருக்கி 6:55ன்னு எழுதிருக்காங்க. பஸ் டைம் மாறும்ங்கிறதே எனக்கு தோணல பாருங்க. அஞ்சாவதுல ஒவ்வொரு வரிக்கும் ஓரத்துல கொஞ்சம் காலி இடம் விட்டு, பேனாவையும் ஒரு கயித்துல கட்டி தொங்க விடப் போறேன்.